ஏழாம் சிலிண்டர்: கழற்றி வைத்த ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே உள்ள ஓர் ஊரில், 2025 பிப்ரவரி முதல் 2026 ஜனவரி வரை நடந்தது. சம்பந்தப்பட்ட தம்பதியிடம் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். ஆட்களின் பெயர், வண்டியின் கம்பெனி, பெட்டியின் பிராண்டு எதுவும் இதில் இல்லை. நான் அங்கே ஒரு சிறிய தனியார் பட்டறையில் மெக்கானிக். இந்த விஷயத்தில் நான் வேடிக்கை பார்த்தவன் இல்லை. முதல் தவறான முடிவை எடுத்தவனே நான்தான்.

பின்னணி

ஐம்பதைத் தாண்டிய தமிழ்த் தம்பதி. வார இறுதிகளில் ஒரு டிபன் ட்ரெய்லர் நடத்துகிறார்கள். இட்லி, பொங்கல், வடை, காபி. கல், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றினால் ட்ரெய்லர் ஏறக்குறைய 3,500 பவுண்டு வரும். அதை இழுக்க ஒரு பழைய பிக்கப் தேடினார்கள். 2014 மாடல், எட்டு சிலிண்டர் எஞ்சின், 97,200 மைல் ஓடியது, முதல் உரிமையாளரிடமிருந்தே நேரடியாகக் கிடைத்தது. வாங்கும் முன் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தார்கள்.

மேலே போகும் முன் இந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் சமவேகத்தில் போகும்போது இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு வேலை மிகக் குறைவு. எஞ்சினுக்குக் காற்று விடும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுப்பதுபோல், அந்தச் சின்ன இடுக்கு வழியாக எட்டு சிலிண்டரும் காற்றை இழுக்க வேண்டும். அதிலேயே கொஞ்சம் பெட்ரோல் வீணாகிறது. அதனால் அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் நான்கு சிலிண்டர்களை உறங்க வைக்கிறது. எரியும் வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக, இந்த எஞ்சினில் 1, 4, 6, 7. மீதி நான்கு த்ராட்டிலை அகலத் திறந்துகொண்டு வண்டியை இழுக்கின்றன. காலை அழுத்தினால் கண் இமைக்கும் நேரத்தில் எட்டும் திரும்ப வந்துவிடும்.

உறங்க வைப்பது எப்படி என்பதில்தான் இந்த ஆய்வின் முழு விஷயமும் இருக்கிறது. வால்வுகளைத் திறக்கச் சுழலும் தண்டான கேம்ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவே லிஃப்டர் என்று விரல் நீளத்தில் ஒரு எஃகுத் துண்டு உண்டு. சாதாரண லிஃப்டர் ஒரே கட்டை போல நின்று, கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும். உறங்கும் சிலிண்டரின் லிஃப்டர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு துண்டு. அவற்றைப் பூட்டி வைப்பவை மணிமணியான இரண்டு ஊசிகள். கம்ப்யூட்டர் ஒரு சோலனாய்டை, அதாவது மின்சாரத்தில் இயங்கும் அடைப்பானை, திறக்கும்போது எஞ்சின் ஆயிலின் அழுத்தம் அந்த ஊசிகளை உள்ளே தள்ளும். பூட்டு திறந்ததும் லிஃப்டர் தனக்குள்ளேயே அமுங்கி எழும், வால்வு மூடியே இருக்கும். அழுத்தம் போனதும் ஸ்பிரிங் ஊசிகளை வெளியே தள்ளிப் பழையபடி பூட்டும். ஆக, இங்கே ஆயில் வெறும் மசகு மட்டும் இல்லை. பூட்டைத் திறக்கும் சாவியும் அதுதான். ஆயில் குறைந்தாலும் அழுக்கடைந்தாலும் முதலில் தடுமாறுவது இந்த ஊசிகள்.

இந்த யோசனை புதிதில்லை. 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-ல் அமெரிக்கா மைலேஜ் சட்டம் கொண்டுவந்தது. 1981-ல் கடிலாக், எட்டு, ஆறு, நான்கு என்று மாறும் எஞ்சினை விற்றது. அக்காலத்துக் கம்ப்யூட்டர் அதற்குப் போதவில்லை. பல உரிமையாளர்கள் அந்த ஏற்பாட்டையே துண்டித்துவிட்டு ஓட்டினார்கள். 2000-களின் நடுப்பகுதியிலிருந்து இது மறுபடியும் பெரிய பிக்கப்களிலும், நம்மவர்கள் விரும்பி வாங்கும் மினிவேன்களிலும் வந்தது. கூடவே, அதை முடக்கும் பெட்டிகளும் சந்தைக்கு வந்தன.

பிப்ரவரி 2025: வாங்கும் முன் பார்த்தது

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, ஸ்கேனர் சொருகும் 16 ஊசி போர்ட் இருக்கும். 1996-லிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாப் பெட்ரோல் கார்களிலும் இது கட்டாயம். ஸ்கேனரைச் சொருகக் குனிந்தபோது அதில் ஏற்கெனவே ஒன்று சொருகியிருந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. மேலே ஒட்டியிருந்த தாள் தேய்ந்து எழுத்து போயிருந்தது. ஓட்டும் விதத்தைக் கண்காணிக்க இன்சூரன்ஸ்காரர்கள் தரும் பெட்டியும் இதே அளவில், இதே இடத்தில்தான் இருக்கும். அப்படிப்பட்ட பெட்டிகளைத் தினம் இரண்டையாவது பார்ப்பேன். இதையும் அப்படியே நினைத்துக் கழற்றினேன். ஸ்கேன் செய்தேன். கோளாறு எதுவும் பதிவாகவில்லை.

"பழைய ஓனரோட இன்சூரன்ஸ் பெட்டி போல இருக்குக்கா. இனிமே உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி கிளவ் பாக்ஸில் போட்டேன்.

பிறகு 14 வரியில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். முதல் வரி பின் டயர்கள். இரண்டாவது முன் பிரேக் பேட். ஒன்பதாவது வரி: "ஆயில் கறுப்பு, அளவு கீழ்க்கோட்டருகே, மாற்றவும்." கண்ணாடியின் இடது மூலையில் பழைய ஆயில் ஸ்டிக்கர் ஒன்று வெயிலில் வெளுத்துப்போய் இருந்தது. அடுத்த மாற்றம் 91,000 மைலில் என்று அதில் எழுதியிருந்ததை ஏப்ரலில்தான் படித்தேன். அதாவது என்னிடம் வந்த அன்றே 6,200 மைல் தள்ளிப்போயிருந்தது.

அவர்கள் டயரும் பிரேக்கும் உடனே மாற்றினார்கள். ஆயில் ஒன்பதாவது வரிதானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நான் எழுதிய வரிசை அப்படி. அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது.

மார்ச், ஏப்ரல்: அறிகுறிகள்

மூன்றாவது வாரத்தில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சத்தம் கேட்டது. தையல் மெஷின் ஓடுவதுபோல் டிக் டிக் டிக். இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். குளிருக்கு என்று விட்டார்கள். வெயில் ஏறிய பிறகும் சத்தம் வந்தது. அந்த அக்கா ஒரு 80 பக்க நோட்டில் பெட்ரோல் போடும் தேதி, மைல், கேலன் எல்லாம் எழுதுபவர். மார்ச் 23-க்கு நேரே "காலை சத்தம், 4 நிமிடம்" என்று எழுதியிருக்கிறார். அடுத்த வாரம், "சத்தம், வீட்டிலிருந்து பெட்ரோல் பங்க் வரை."

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, டென்டன் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்கு ட்ரெய்லரோடு போகும்போது எஞ்சின் குலுங்கியது. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. இந்த விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள் என்று பொருள். மின்னினால் உடனே நிறுத்துங்கள் என்று பொருள். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குள் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். 60 பேருக்கு மாவு அரைத்து வைத்துவிட்டுப் பாதி வழியில் யாரால் நிறுத்த முடியும்? இன்னும் 8 மைல் ஓட்டிப் போய்ச் சேர்ந்து, கடையை நடத்தி முடித்து, மாலையில் என்னைக் கூப்பிட்டார்கள். வண்டி கயிற்று லாரியில் பட்டறைக்கு வந்தது. மீட்டரில் 98,900.

ஆய்வு

ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடுகள் பி0300, பி0307. ஏழாம் சிலிண்டர் எரியவில்லை. காயிலையும் பிளக்கையும் ஐந்தாம் சிலிண்டரோடு மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கோளாறு ஏழிலேயே நின்றது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்தேன். மற்ற ஏழும் சதுர அங்குலத்துக்கு 170 பவுண்டு அருகே, ஏழாவது 30 கூட எட்டவில்லை. ரிங்கோ வால்வோ எரிந்துவிட்டதா என்று பார்க்க வெளியிலிருந்து காற்றை ஏற்றிக் கசிவுச் சோதனை செய்தேன். கசிவே இல்லை. சிலிண்டர் நன்றாக மூடியிருக்கிறது, ஆனால் அமுக்குவதற்கு உள்ளே காற்று வரவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வால்வு கவரைக் கழற்றி, இன்னொருவரை எஞ்சினைச் சுற்றச் சொன்னேன். வால்வுகளை அழுத்தும் ராக்கர்கள் வரிசையாகத் தலையாட்டின. ஏழாவதில் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் ராக்கர் மட்டும் அசையவில்லை. கீழே கேம் சுற்றுகிறது, லிஃப்டர் அமுங்கி எழுகிறது, மேலே ஒன்றும் வந்து சேரவில்லை. ஊசிகள் உள்ளேயே சிக்கிக்கொண்டன.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் 2 க்வார்ட் குறைவு (ஒரு க்வார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்). ஆயில் மூடியின் அடியில் கருப்பட்டிப் பாகு போல ஒட்டியிருந்தது.

அப்போதுதான் அந்தக் கறுப்புப் பெட்டி நினைவுக்கு வந்தது. கிளவ் பாக்ஸிலிருந்து எடுத்து, பேட்டரி சார்ஜரோடு இணைத்த வண்டியில் சொருகி, அது என்ன செய்கிறது என்று ஸ்கேனரில் பார்த்தேன். அது யாரையும் கண்காணிக்கவில்லை. எட்டு சிலிண்டரிலேயே இரு என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் உள்ளிருக்கும் புரோகிராமை அது மாற்றுவதில்லை. கழற்றினால் வண்டி தன் இயல்புக்குத் திரும்பிவிடும். நான் கழற்றினேன், வண்டி திரும்பியது.

பழைய உரிமையாளரிடம் பேசினோம். நேர்மையான மனிதர். 60 மைல் வேகத்தில் நான்கு சிலிண்டருக்கு மாறும்போது வரும் உறுமல் பிடிக்காமல், 41,000 மைல் இருக்கும்போது வாங்கிப் போட்டாராம். லிஃப்டர் போய்விடும் என்று படித்திருந்ததும் ஒரு காரணம். விடுமுறைக்குப் போய் வந்தபோது இரண்டு முறை பேட்டரி இறங்கியிருந்ததாம். பெட்டி போட்டாயிற்று, இனி எஞ்சினுக்குப் பயமில்லை என்று நினைத்து ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டிக்கொண்டே போயிருக்கிறார். பெட்டி கண்ணில் படும் இடத்தில்தானே இருக்கிறது, வாங்குபவருக்குத் தெரியும் என்று விற்கும்போது சொல்லவில்லை.

எது காரணம்?

இதில் நான் நாள் கணக்கில் யோசித்தேன். என் முடிவு இது. லிஃப்டர்கள் 56,000 மைல் பூட்டியே இருந்தன. அந்தக் காலம் முழுக்க பழைய ஆயில் அவற்றின் ஊசிகளைச் சுற்றிப் படிந்தது. நான் பெட்டியைக் கழற்றிய நாளிலிருந்து, நெடுஞ்சாலையில் ஒவ்வொரு சில நிமிஷத்துக்கும் அந்த ஊசிகள் உள்ளே போய் வெளியே வர வேண்டியதாயிற்று, அதுவும் குறைந்த ஆயிலில். அணைந்த சிலிண்டர்களில் ரிங் வழியாக ஆயில் மேலேறி எரிவதும் இந்த அமைப்பில் அறிந்த குறைதான். அதனால் இருந்த ஆயிலும் வேகமாகக் குறைந்தது.

பெட்டி இருந்திருந்தால் உடைந்தே இருக்காதா? அப்படிச் சொல்ல மாட்டேன். பெட்டி சோலனாய்டைத்தான் திறக்க விடாமல் வைக்கிறது. ஊசி வைத்த அதே லிஃப்டர்தான் உள்ளே இருக்கிறது, அழுக்கு ஆயிலில் அதுவும் தேயும். ஆனால் ஏப்ரலில் உடைந்ததற்கு என் கை ஒரு காரணம். அதை அவர்களிடம் அன்றே சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, இப்ப என்ன பண்ணலாம்னு சொல்லு" என்றார்.

எடுத்த முடிவுகளும் ஏன் என்பதும்

உடைந்த லிஃப்டரை மட்டும் மாற்றுவது மலிவு. ஆனால் மீதி எல்லாம் அதே ஆயிலில் ஊறியவை. ஹெட்டைக் கழற்றிவிட்டு அவற்றை அப்படியே விடுவதில் அர்த்தமில்லை. இன்னொரு வழி, இந்த அமைப்பையே எஞ்சினிலிருந்து எடுத்துவிடுவது. சாதாரண லிஃப்டர், புது கேம், கம்ப்யூட்டரில் மாற்று புரோகிராம். ட்ரெய்லர் இழுப்பவர்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள், ஏன் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் கவுன்டியில் வருடாவருடம் புகைச் சோதனை உண்டு. அது அதே 16 ஊசி போர்ட் வழியாக நடக்கும். எஞ்சின் புரோகிராமைத் திருத்துவது தூய காற்றுச் சட்டத்தில் சிக்கலைக் கொண்டுவரும். எங்கள் பட்டறை அந்த வேலையை எடுப்பதில்லை. பழைய எஞ்சின் வாங்கிப் போடலாம் என்றால், அதற்குள் இருக்கும் லிஃப்டரின் வரலாறு யாருக்குத் தெரியும்?

ஆகவே 16 லிஃப்டரையும் மாற்றினோம். கூடவே ஆயில் அழுத்தத்தைப் பங்கிடும் சோலனாய்டுத் தட்டு, அதன் சின்ன வலை வடிகட்டி, ஹெட் கேஸ்கெட், புது ஹெட் போல்ட். கேமில் ஏழாம் சிலிண்டரின் முகட்டை நகத்தால் வருடிப் பார்த்தேன். சின்னக் கீறல் இருந்தாலும் நகத்தில் தட்டும். வழவழவென்று இருந்தது. அங்கே தப்பித்தோம். கழற்றிய லிஃப்டரின் ஊசிகளைச் சுரண்டியபோது பழுப்பு வார்னிஷ் பொடியாக உதிர்ந்தது. பட்டறை முதலாளியிடம் பேசி, வேலைக் கூலியில் பாதியை நாங்கள் ஏற்றோம். மீதியும் உதிரிபாகமும் சேர்த்து அவர்களுக்கு 2,900 டாலர் ஆயிற்று. டிபன் ட்ரெய்லருக்கு அது பல வார இறுதிகளின் உழைப்பு.

பெட்டியைத் திரும்பச் சொருகலாமா என்பதில் வீட்டிலேயே இரண்டு கட்சி. அண்ணன் சொருகு என்றார். அக்கா வேண்டாம் என்றார். அளந்து பார்த்து முடிவு செய்வோம் என்றேன். ட்ரெய்லர் இல்லாமல் நான்கு டேங்க் பெட்டியோடும், நான்கு டேங்க் பெட்டியில்லாமலும் ஓட்டினார்கள். நோட்டின் கணக்கு: பெட்டியோடு கேலனுக்கு 16.4 மைல், இல்லாமல் 17.3. ட்ரெய்லரோடு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், 10.8-ம் 10.9-ம். சுமை இழுக்கும்போது நான்கு சிலிண்டர் போதாது, அமைப்பு தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. 2021-ல் சிப் தட்டுப்பாட்டால் ஒரு பெரிய கம்பெனி இந்த வசதி இல்லாமல் சில பிக்கப்களை விற்றபோது, கேலனுக்குச் சுமார் 1 மைல் குறையும் என்று அறிவித்தது. எங்கள் நோட்டும் அதை ஒட்டியே வந்தது.

பணமாகப் பார்த்தால்: ட்ரெய்லர் இல்லாமல் வருடம் 8,000 மைல், கேலன் 3 டாலர் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 75 டாலர் அளவில்தான் வரும். பெரிய தொகை இல்லை. பெட்டிக்காரர்கள் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள், அது நியாயமான வாதம்தான். இன்னொரு பக்கம் பேட்டரியை அளந்தேன். அந்தப் போர்ட்டின் 16-ஆம் ஊசியில் வண்டி அணைந்த பிறகும் மின்சாரம் இருக்கும். பெட்டி அதிலிருந்து 40 மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் மணி. இவர்கள் வருடத்தில் ஒரு மாதம் மதுரைக்குப் போகிறவர்கள். திரும்பி வந்து பார்த்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

ஸ்கேனரை வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. இந்த வண்டியில் கியர் தண்டை மேனுவல் இடத்தில் போட்டால் நான்கு சிலிண்டர் வருவதே இல்லை. உறுமல் பிடிக்காத நேரத்தில் அது போதும், செலவும் இல்லை. பெட்டி இல்லாமல் ஓட்டுவது, ஆயிலை 5,000 மைலுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுவது என்று முடிவாயிற்று.

பின்பு நடந்தது

2026 ஜனவரி வரை 9,400 மைல் ஓடியிருக்கிறது. காலைச் சத்தம் இல்லை. நவம்பரில் புகைச் சோதனையில் தேறியது. கன்வெர்ட்டர் பிழைத்தது. ஆயில் 5,000 மைலில் அரை க்வார்ட்டுக்குள்தான் குறைகிறது. பழைய உரிமையாளர், கேட்காமலேயே, 300 டாலர் அனுப்பினார்.

நான் மாற்றிக்கொண்டவை

போர்ட்டில் எது சொருகியிருந்தாலும், அது என்ன என்று தெரியும் வரை வண்டியை வெளியே விடுவதில்லை. விற்பவரைக் கூப்பிட்டுக் கேட்பது இரண்டு நிமிஷ வேலை. கழற்றினால் ஸ்கேன் முடிந்ததும் அதே இடத்தில் திரும்பச் சொருகிவிட்டு, அது என்ன என்பதைத் தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.

தாளில் வரிசையை மாற்றிவிட்டேன். சிலிண்டர் உறங்கும் எஞ்சின் என்றால் ஆயில்தான் முதல் வரி, அதுவும் அன்றைக்கே. டிப்ஸ்டிக் கீழ்க்கோட்டில் நிற்கும் இப்படிப்பட்ட வண்டியை இப்போது நான் ஆயில் மாற்றாமல் திருப்பித் தருவதில்லை. அந்த வண்டியை அவர்கள் வாங்காமல் போனால், ஆயிலுக்கான 60 டாலர் எங்களோடு போகட்டும்.

பெட்டி பல காலம் இருந்த வண்டி என்று தெரிந்தால், உடனே கழற்றச் சொல்வதில்லை. முதலில் ஆயிலை மாற்றி, 1,000 மைல் ஓட்டி, மறுபடி மாற்றி, அப்புறம்தான் கழற்றலாம் என்கிறேன். இதனால் லிஃப்டர் பிழைக்கும் என்று உறுதி சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. செலவு குறைவு, கெடுதல் இல்லை, அதனால் செய்கிறேன்.

பெட்டி வாங்க நினைப்பவர்கள் இப்போதும் என்னிடம் வருகிறார்கள். அவர்களைத் திட்டி அனுப்புவதில்லை. 40,000 டாலர் கொடுத்து வாங்கிய வண்டியின் ஒரு பாகத்தை நம்ப முடியாமல் இன்னொரு பெட்டி வாங்கும் நிலைக்கு ஒரு ஆளைத் தள்ளியது அந்தப் பாகத்தைச் செய்தவர்கள்தான். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. பானெட்டைத் திறந்து, முதலில் டிப்ஸ்டிக்கை அவர்கள் கையில் கொடுக்கிறேன். பாதிப் பேருக்கு அதை இதற்கு முன் எப்போது எடுத்துப் பார்த்தோம் என்று நினைவில்லை.

போன வாரம் அக்கா ஆயில் மாற்ற வந்திருந்தார். நோட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்: தேதி, மைல், கேலன், அதற்குப் பக்கத்தில் ஆயில். ஒவ்வொரு இரண்டாவது முறைக்கும் ஒரு குறி. கடைசி அட்டையின் உள்பக்கம் அந்தக் கறுப்புப் பெட்டியை செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். பக்கத்தில் பேனாவால், "இது இன்சூரன்ஸ் பெட்டி இல்லை. வண்டி விற்கும்போது சொல்லவும்."